பொன்னுருவியின் குரல் வண்டியில் இருக்கிறது

தறி ஓடுகிற ஊரில் ஒரு பொம்பளையின் குரல் காணாமல் போனால் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டால், வேலாங்காட்டுப்புதூர்க்காரர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டு, தலையைச் சொறிந்து, அடுத்த கரண்டு நிறுத்தம் வரைக்கும் ஆகுமுங்க என்று சொல்வார்கள். அது உண்மைதான். அங்கே வீட்டுக்கு வீடு தறி, சந்துக்குச் சந்து தறி, கோயிலுக்குப் பின்னால் தறி, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் தறி, எல்லாம் சேர்ந்து டக்கடக் டக்கடக் என்று அடிக்கிற அடியில் யார் வாயைத் திறந்தாலும் மீன் வாயைத் திறந்த மாதிரிதான். அதனால் ஊரே கையால் பேசும். கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி விரித்தால் நூல் அறுந்துவிட்டது. இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார், எழுந்து நில். காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், பொன்னுருவியின் புருசன் நாச்சிமுத்து.

நாச்சிமுத்து வாடகைக் கார் ஓட்டினான். வெள்ளைக் கார், பழசு, அவனுடைய மாமனார் காலத்தில் வாங்கியது. எஞ்சின் மட்டும் எருமை மாதிரி உறுதி. மற்றதெல்லாம் பேசும். டிக்கி லொடக் லொடக் என்றது, முன் கதவு கிர்ரீச் என்றது, பின் கதவை ஓங்கிச் சாத்தினால் காலி எண்ணெய் டின்னை மாடியிலிருந்து போட்ட சத்தம் வந்தது. கண்ணாடியைச் சுற்றி இருந்த ரப்பர் வெயிலில் வெடித்து முறுக்கு மாதிரி நொறுங்கி உதிர்ந்து, அந்த இடைவெளியில் காற்று விசிலடித்தது, ஊரைத் தாண்டுகிற வரைக்கும் தறிச் சத்தம் கூடவே வந்தது, பஞ்சும் வந்து உட்கார்ந்தது. ஒருநாள் மழையில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுச் சேலையில் கண்ணாடி வழியாகத் தண்ணீர் கொட்டி, பெண்ணின் சித்தி இறங்கி நின்று, "ஏனுங், இது காருங்ளா, இல்லை சல்லடைக்குச் சக்கரம் வச்சிருக்கறீங்ளா?" என்று கேட்டாள். நாச்சிமுத்து பொறுத்துப் பார்த்தான். பொறுக்க முடியவில்லை. பைபாஸில் சீட்டுக் கவர் கடை வைத்திருந்த ஆரோக்கியமேரியைக் கூட்டிவந்தான்.

ஆரோக்கியமேரிக்கு அடக்கம் என்பது தெரியாது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவை இரண்டு தட்டுத் தட்டி, "ஏனுங்ணா, இது கதவு இல்லீங், தவுலு," என்றாள். "நான் ஒட்டி முடிச்சப்புறம் பாருங்க. உள்ள ஒரு ரகசியம் சொன்னீங்கன்னா, அது வெளிய போகோணும்னா என்கிட்டக் கேட்டுட்டுத்தான் போகோணும்."

சொன்னவள் செய்தாள். கதவின் உள் அட்டைகளைக் கழற்றினாள். உள்ளே பஞ்சும் தூசும் ஒரு எலிக்கூடும் பாதி வளையலும் இருந்தன. எல்லாவற்றையும் வழித்துப்போட்டு, தின்னர் வைத்துத் துடைத்து, ஒரு பக்கம் தாரும் ஒரு பக்கம் வெள்ளிக் காகிதமுமாக இருந்த ஷீட்டை வெட்டி, சூடு காட்டி, சப்பாத்திக் கட்டை மாதிரி ஒரு உருளையால் உருட்டி உருட்டி, தகரத்தோடு தகரமாக ஒட்டினாள். அதன்மேல் நுரைப் பஞ்சு. பிறகு கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பர், கதவைச் சுற்றிப் புது ரப்பர், கரும்பாம்பு மாதிரி பளபளவென்று. கதவைச் சாத்தினாள். தப். பழுத்த பலாப்பழம் மண்ணில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். நாச்சிமுத்து அதைத் திரும்பத் திரும்பச் சாத்திப் பார்த்தான். தப். தப். முகமெல்லாம் பல்லாக நின்றான்.

ஒரே ஒரு சிக்கல். பின்பக்கம் ஒரு மூலையில் ரப்பர் உட்காராமல் துள்ளியது. பசை காய்கிற வரைக்கும் கதவையெல்லாம் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து அந்த மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். யார் விரல் அசையாமல் நிற்கும்? அறுந்த நூலை ஓடுகிற தறியில் பிடிக்கிற விரல்தான் நிற்கும். சென்னியப்பன் குடோனில் பத்துத் தறி பார்க்கிற பொன்னுருவி உள்ளே போனாள். பொழுது சாய்ந்து வெயில் இறங்கியிருந்தது. ஆரோக்கியமேரி வெளியே இருந்து கதவைச் சாத்தினாள். தப்.

தறி நின்றுவிட்டது என்றுதான் பொன்னுருவி முதலில் நினைத்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டு ஜன்னலில் தறியின் ஊடுநூல் நாடா அங்கிட்டும் இங்கிட்டும் பறந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. தன் மூச்சு தனக்குக் கேட்டது. கழுத்துத் தாலிக்கொடி உரசுவது கேட்டது. "அட," என்றாள். அந்த அட எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா, உருண்டையாக, ஓரம் பிசிறில்லாமல், புது ஈயம் பூசிய சொம்பு மாதிரி. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். முதலாளி சென்னியப்பனை மாதிரிப் பேசினாள், அவருடைய இருமலோடு. டீக்கடைக்காரரை மாதிரிப் பேசினாள், அவர் ஆவென்று வாயைத் திறந்துவிட்டுத் திக்கி நிற்பது உட்பட. பால்காரம்மா, பஸ் கண்டக்டர், மைக்கில் கணக்கு வாசிக்கிற கோயில் தர்மகர்த்தா, ரேஷன் கடைத் தராசு, அவளுடைய பத்துத் தறி, ஒவ்வொரு தறிக்கும் ஒரு தனிச் சத்தம், எல்லாம் பேசினாள். விரல் மூலையிலேயே இருந்தது, வாய் ஊரையே சுற்றி வந்தது. பசை காய்ந்தது. அவள் இறங்கினாள். குரல் இறங்கவில்லை. வெயிலிலிருந்து நிழலுக்கு வந்து உட்கார்ந்த ஆள் மறுபடி வெயிலுக்குப் போக யோசிப்பது மாதிரி, அது பின் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டது.

யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை. தறிக்குடோனில் வாயசைத்தாள், கையசைத்தாள், அவர்களும் அசைத்தார்கள். வீட்டில் ரசம் வேண்டுமா என்று வாயசைத்தாள். நாச்சிமுத்து தலையாட்டினான். கல்யாணமான நாளிலிருந்து கேட்காமலே தலையாட்டிப் பழகின தலை அது.

பிறகு கரண்டு நிறுத்தம் வந்தது. மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று காலையிலேயே நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குத்தான் வேலாங்காட்டுப்புதூருக்குக் காது முளைக்கும். நாய் குரைப்பது கேட்கும், தேங்காய் விழுவது கேட்கும், யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது கேட்கும். அன்றைக்கு நாச்சிமுத்து ஊரில் இருக்கவே மாட்டான், ஏனென்றால் தறி நின்ற நாளில்தான் சனங்கள் காதுகுத்துக்கும் கோயிலுக்கும் கார் பிடித்துப் போவார்கள். அதனால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அவனுக்கு மட்டும் தெரியாமலே இருந்தது. கரண்டு நின்றதும் குடோன் பொம்பளைகள் எல்லாரும் தண்ணீர்த் தொட்டியோரம் கூடுவார்கள், நடுவில் பொன்னுருவி உட்காருவாள், உட்கார்ந்து ஊரையே பேசிக் காட்டுவாள், இவர்கள் சிரித்துச் சிரித்து மாரைப் பிடித்துக்கொள்வார்கள்.

அன்றைக்கும் கூடினார்கள். "ஏ பொன்னு, அந்த மேஸ்திரியக் கொஞ்சம் பேசு சாமி," என்றாள் மயிலாத்தாள்.

பொன்னுருவி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

பொம்பளைகள் சிரித்தார்கள். அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சிரித்தார்கள். "ஐயோ, அந்த ஊமை நூல் ஏஜெண்டு, அச்சு அசலா அவனேதான்," என்று மயிலாத்தாள் தரையில் புரண்டாள். பொன்னுருவி வாயைத் திறந்து மூடி, கையை விரித்து, எழுந்து நின்று, சுற்றிச் சுற்றி ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிகிற வரைக்கும் அவர்கள் சிரிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினபோது, தறியும் இல்லாத, சிரிப்பும் இல்லாத அந்தச் சத்தமின்மை, ஊரில் யாரும் அதுவரை கேட்டிராததாக இருந்தது.

அதே நேரம் பழனி ரோட்டில் நாச்சிமுத்துவின் வண்டியில் ஒரு காதுகுத்துக் குடும்பம் போய்க்கொண்டிருந்தது. தாராபுரம் தாண்டினதும் பின் சீட்டிலிருந்து யாரோ இருமினார்கள். "ஏண்டா, துணியில ஓட்டையா, உன்ற கண்ணுல ஓட்டையாடா?" என்று அதட்டல் வந்தது. நாச்சிமுத்து பிரேக்கில் எழுந்தே நின்றுவிட்டான், முதலாளி எப்படி வண்டிக்குள் வந்தார் என்று. பின் சீட்டில் அந்தக் குடும்பம், தாய்மாமன் மடியில் காது குத்தப்போகிற குழந்தை, வேறு யாரும் இல்லை. அடுத்தது பால்காரம்மா வந்தாள். கண்டக்டர் வந்தார். தர்மகர்த்தா வந்து, ஒலிபெருக்கியில் ஊ என்று ஒரு கூச்சல் வருமே, அதையும் கூட்டிக்கொண்டு வந்தார். குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "நல்ல ரேடியோ வச்சிருக்கறீங் தம்பி," என்றார் தாய்மாமன். ரேடியோ செத்து வெகு காலமாகியிருந்தது. நாச்சிமுத்துவின் காலுக்கு அவசரம் வந்துவிட்டது, வண்டி பறந்தது. அப்போது, யாருடைய குரலும் அல்லாத ஒரு குரல், தாழ்வாக, பக்கத்தில், "மாமா, கொஞ்சம் மெதுவாத்தான் போங்களே, பழனி எங்கயும் ஓடிப்போகாது," என்றது.

மாமா என்ற அந்தச் சொல்லை வைத்துத்தான் அது பொன்னுருவி என்று அவனுக்குத் தெரிந்தது. இத்தனை வருசம் உதட்டில் பார்த்த சொல்லை அன்றைக்குத்தான் காதில் கேட்டான்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஊர் எதையும் எடுத்துக்கொள்கிற மாதிரிதான் எடுத்துக்கொண்டது. டாக்டர் பொன்னுருவியின் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, "இங்க ஒண்ணும் குறையில்லீங், அடுத்த தடவை வரப்ப வண்டியையும் கூட்டிட்டு வாங்க," என்றார். பூசாரி வந்து கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். புருசன் பெண்டாட்டிச் சண்டைக்கெல்லாம் பஞ்சாயத்து வைப்பதை விட்டுவிட்டு, இரண்டு பேரையும் அந்த வண்டியில் ஏற்றி ஒரு சுற்று அனுப்பினார்கள், அவர்கள் பேசுகிற மாதிரியே அது பேசிக் காட்டும், இறங்கி வருகிறபோது இரண்டு பேருக்கும் சண்டை போட முகம் இருக்காது. தன் குரல் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள், இல்லையென்றால் கோபித்துக்கொண்டார்கள். "அந்த டீக்கடைக்காரனை விட நான் எதுல குறைஞ்சுட்டேன்? எனக்கும் ஒரு திக்கு வச்சுப் பேசினா என்ன?" என்று சலூன்காரர் மனக்குறைப்பட்டார்.

முதலாளி சென்னியப்பன் கோபமாகத்தான் வந்தார். மீசையை முறுக்கி, ஏறி, கதவைச் சாத்தினார். தப். வெளியே சனம் கூடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தது. உள்ளே அவர் ஒரு விரலை நீட்டினார், மடக்கினார், தலையைக் கவிழ்த்தார், தோளைக் குலுக்கினார், அது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. இறங்கினார்.

"நான் இப்படியாடா நாச்சி பேசறேன்?"

"ஆமாங்."

"அந்த இருமல் மட்டும் ஒரு மாத்து கூட. மத்தபடி நல்லாத்தான் இருக்குது." போகிற வழியில் நின்று திரும்பி, "அந்த அதட்டலு, அது கொஞ்சம் என்ற அப்பன் மாதிரி இருக்குதுடா," என்றார். அதற்கப்புறம் அவர் குடோனில் அதட்டுவது குறைந்தது.

நாச்சிமுத்துவைப் பற்றி என்ன சொல்வது? அவன் ஓட்டினான். கோபி போனான், உடுமலை போனான், மருதமலை போனான். ஆள் இருந்தால் ஆளோடு, இல்லாவிட்டால் காலியாக, காலி என்று அவன் நினைக்கவே இல்லை. அவன் பெண்டாட்டி எவ்வளவு பெரிய ஆள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளால் அழுகிற குழந்தையாகப் பேச முடியும், அதைத் தூங்கவைக்கிற தாயாகவும் அதே மூச்சில் பேச முடியும். பாலத்துக்கடியில் ஓடுகிற தண்ணீராகப் பேச முடியும். ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்கு மாறுகிறபோது குரல் எந்த இடத்தில் வளையும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டீக்கு நிறுத்தினால்கூட அவன் வண்டிக்குள்ளேயே வாங்கிக் குடித்தான்.

பொன்னுருவி இதையெல்லாம் பார்த்தாள். கரண்டு நின்ற நாட்களில் தொட்டியோரம் போவதை நிறுத்திவிட்டாள். மயிலாத்தாள் வந்து கூப்பிட்டால், தொண்டையைக் காட்டிக் கையை விரிப்பாள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள், குரல் சீட்டை விட்டு நகரவில்லை. நாலு கதவையும் திறந்து வைத்தார்கள், அது அசையவில்லை. ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு வருத்தத்தை விடப் பெருமைதான் அதிகம் இருந்தது.

"என்ற ஒட்டு அப்படிங்கணா," என்றாள். "ரப்பரையெல்லாம் கிழிச்சு, ஷீட்டையெல்லாம் உரிச்சாத்தான் வெளிய வரும். வந்து அக்காகிட்டத்தான் சேரும்னு என்னால எழுதித்தர முடியாதுங். இந்தத் தறிச் சத்தத்துல எந்தப் பக்கமோ போய்க் கலந்துருச்சுன்னா அப்புறம் தேட முடியாது."

யோசித்துச் சொல்கிறோம் என்றான் நாச்சிமுத்து. யோசித்துக்கொண்டே இருந்தான். யோசித்துக்கொண்டே திருச்செந்தூருக்கு ஒரு வாடகை ஒத்துக்கொண்டான்.

புறப்படுகிற அன்றைக்குக் காலையில் பொன்னுருவி வந்து முன் கதவைத் திறந்து ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாத்தினாள். தப். குரல் பின் சீட்டிலிருந்து எழுந்து வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தது. உள்ளே இருக்கிற வரைக்கும் அது அவளுடையதுதான்.

"சந்தோசமா இருக்கறீங்க போல," என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை புள்ள."

"என்னைத் தறியில கட்டிப்போட்டுட்டு, என்ற பேச்சை மட்டும் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தறீங்க. மருதமலை போனீங்க. கொடிவேரி போனீங்க. நான் எங்க போயிருக்கறேன், சொல்லுங்க பாக்கலாம்."

அவன் ஸ்டியரிங்கைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். "கிழிக்கச் சொல்லீர்றேன். இன்னிக்கே சொல்லீர்றேன்."

"கிழிச்சா எனக்கு வந்துருமா?"

"தெரியலை."

"அப்புறம் ஏன் இத்தனை நாளாச் சொல்லலை? எனக்காகப் பயந்தீங்களா, உங்களுக்காகப் பயந்தீங்களா?"

"எனக்காகத்தான் புள்ள," என்றான் நாச்சிமுத்து. பொய் சொல்லலாம், ஆனால் அந்த வண்டிக்குள் பொய் ரொம்பத் தெளிவாகக் கேட்கும். "வெளிய வந்தா நீ திரும்பத் தறிக்குப் போயிருவ. எனக்கு மறுபடியும் ஒண்ணும் கேக்காமப் போயிரும்."

பொன்னுருவி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். எதிர்வீட்டு நாடா பறந்துகொண்டிருந்தது. தன் குரலை ஒரு தகர டப்பாவிலிருந்து உரித்தெடுத்து அந்தச் சத்தத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டுவதா, என்று அவள் யோசித்தாளோ என்னவோ. பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"அது இங்க இருக்கட்டும்," என்றாள். "சாவியக் குடுங்க."

வற்றிப்போன குளத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஊர் கரையில் உட்கார்ந்து பார்த்தது. கிளட்சை விட்டுவிட்டுக் கத்தினாள், ஆனால் கண்ணாடி ஏற்றியிருந்ததால் கரையில் இருந்தவர்களுக்கு அவள் பாடுவது மாதிரி இருந்தது. பத்துத் தறியை ஒரே நேரத்தில் பார்க்கிற கண்ணுக்கு மூன்று கண்ணாடியும் ஒரு ரோடும் என்ன பெரிய விஷயம்? லைசன்சுக்கு எட்டுப் போடுகிறபோது பக்கத்தில் உட்கார்ந்த இன்ஸ்பெக்டர், "கைகாட்டு, இண்டிகேட்டர் போடு, கைகாட்டு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி எட்டுக்கு மேல் அதைச் சொல்வது தான் இல்லை, பொன்னுருவி என்று அவருக்குத் தெரிந்தது. "ஓட்டறது நல்லா ஓட்டறீங்கம்மா," என்றார். "என்ற குரல்ல நீங்களே பாசுன்னு மட்டும் சொல்லீராதீங்க, அதை நானே சொல்லிக்கறேன்."

அப்படித்தான் பொன்னுருவி வாடகைக் கார் ஓட்ட ஆரம்பித்தாள், ஆடியில் சொன்னால் தைக்குக் கிடைக்கும் என்கிற அளவுக்கு வண்டிக்குக் கிராக்கி வந்தது. தொட்டியோரப் பொம்பளைகள் கரண்டு நிறுத்தத்துக்குக் காத்திருக்காமல், மடியில் மடியாக அடைத்து ஏறி, ஊரைத் தாண்டி ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். மயிலாத்தாள் சிரிக்கிற சிரிப்பில் வண்டி ஆடும், சத்தம் மட்டும் வெளியே ஒரு பொட்டு வராது. ஆரோக்கியமேரி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த வண்டியைக் காட்டினாள். பொன்னுருவியின் பத்துத் தறி நாச்சிமுத்துவுக்கு வந்தது. சின்ன வயசில் தறியில் நின்றவன்தான், ஆனால் கை மறந்திருந்தது. ஒன்றைப் பிடித்தால் மூன்று அறுந்தது. குடோன் முழுக்கப் பொம்பளைகள் அவனைப் பார்த்து இரண்டு விரலை விரித்து விரித்துக் காட்டினார்கள், சிலர் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கண்ணடித்தார்கள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. பரவாயில்லையாகவும் இருந்தது. யாராவது வண்டியில் போய்விட்டு வந்தால், அவள் என்ன பேசினாள் என்று கேட்பான். அவர்கள் கையை ஆட்டிச் சொல்வார்கள். கையில் சொன்னால் அதில் என்ன இருக்கிறது, சாம்பாரைப் படத்தில் பார்த்த மாதிரி.

ஒரு நாள் தறியை மயிலாத்தாளிடம் ஒப்படைத்துவிட்டு, கை கழுவி, தலை சீவி, துவைத்த சட்டை போட்டு, நாலு பேரைப் போல ரோட்டோரத்தில் போய் நின்றான். வெள்ளைக் கார் வந்தது. முன் சீட்டில் ஆள், பின் சீட்டிலும் ஆள். கையை நீட்டினான். அவள் ஓரம்கட்டினாள். கண்ணாடியை இறக்காமல், புருவத்தைத் தூக்கி, முகவாயை ஆட்டி, எங்கே என்று கேட்டாள்.

நாச்சிமுத்து யோசித்தான். பிறகு இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருட்டிச் சுருட்டிக் காட்டினான். தறிக்காரர்கள் புதுப் பாவு, நெய்யப்போகிற நூல் மொத்தமும் சுற்றின உருளை, ஏற்றுகிறபோது காட்டுவது. பாவு முழுக்க ஓடித் தீருகிற வரைக்கும் என்று அர்த்தம், அது சட்டென்று தீருகிற விஷயமில்லை.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் கட்டை விரலால் பின் சீட்டைக் காட்டினாள். அங்கே உட்கார்ந்திருந்த கோபிக்காரக் குடும்பம் முனகிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டது. நாச்சிமுத்து ஏறினான், கதவைச் சாத்தினான். அதற்குள் அவள் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதி போய், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"புள்ள," என்றான், முன் சீட்டைப் பிடித்துக் குனிந்து, "முதல்லருந்து சொல்லு. எனக்குக் கேக்கலை."